இரண்டு பேரின் ‘சுயேச்சையான வேலை’

ஸ்வீடனில் இளங்கலைப் பட்டத்துக்கு 15 கிரெடிட், அதாவது பத்து வார முழுநேர உழைப்புக்குக் குறையாத ஆய்வேடு எழுதியாக வேண்டும். உயர்கல்வி விதிகளில் அதற்குப் பெயர் ‘சுயேச்சையான வேலை’. பல துறைகளில் அதை இருவராகச் சேர்ந்தே எழுதலாம். சேர்ந்து எழுதியது எப்படிச் சுயேச்சையாகும்? துறைகள் வழக்கமாகச் சொல்லும் பதில்: மதிப்பெண் தனித்தனி, யார் எதைச் செய்தார் என்று பிரித்துக் காட்டு.

நியாயம்தான். ஒருத்தர் உழைக்க இன்னொருத்தர் பேர் போட்டுக்கொள்கிற கதை எங்கேயும் உண்டு. ஆனால் பிரிபடுவது எது? எடுத்த நேர்காணல், போட்ட அட்டவணை, எழுதிய மூன்றாம் அத்தியாயம். ராத்திரிப் பேச்சில் ஒருத்தி ‘இது தப்பாச்சே’ என்றதும் மொத்த வாதமும் திசைமாறியிருந்தால், அது யார் கணக்கு? அதற்குப் பட்டியலில் இடமே கிடையாது.

தண்டிக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோதுதான் பிரதிகளுக்கு ஆசிரியன் வந்து சேர்ந்தான் என்று ஃபூக்கோ 1969இல் வாதிட்டார். மதிப்பெண் பட்டியல் தேடுவதும் அந்த ஆளைத்தான். ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று வகுப்பில் நடத்துகிற துறையும் ஆய்வேட்டில் இரண்டு ஆசிரியர்களைத் தனித்தனியே உட்காரவைக்கிறது.

பங்குப் பட்டியலை விட்டுவிட்டு, ஒருவர் எழுதிய பகுதியை மற்றவர் நேரில் விளக்கவேண்டும் என்று வைக்கலாமே. உழைக்காதவர் அங்கே மாட்டிக்கொள்வார்.