தோல் தனி, உடல் தனி: ஃப்ளெக்ஸை வாசித்தல்

2009இல் இன்ஜினியரிங் முடித்து சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தோடு ஆம்பூருக்கு வந்தபோது மாமா கேட்டார்.

"இன்னா வேலைடா மாப்ளே?"

"ஃப்ளெக்ஸ்ல மாமா."

"பேனர் அடிக்கிற கடையிலயா? அதுக்கா நாலு வருசம் படிச்சிக்கினு இருந்த?"

அவர் மேல் தப்பில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கிய காலம் அது. இது வேற ஃப்ளெக்ஸ், பிரௌசருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்களைச் செய்ய உதவும் ஃப்ரேம்வொர்க் என்று விளக்கினேன். பாதி புரிந்த மாதிரி தலையாட்டினார்.

இந்தக் கட்டுரை அந்த இன்னொரு ஃப்ளெக்ஸைப் பற்றியது. ஒரு எழுத்தாளரின் நாவல்களை வெளிவந்த வரிசையில் வாசித்து, எங்கே வளர்ந்தார், எங்கே சறுக்கினார் என்று சொல்வது விமர்சகரின் வேலை. ஒரு ஃப்ரேம்வொர்க்கின் பதிப்புகளையும் அப்படி வாசிக்கலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளெக்ஸ் ஒவ்வொரு பதிப்பிலும் மேலும் நல்ல படைப்பாக ஆனது. ஆனால் அது நின்ற தரை கடைசிவரை ஒரே கம்பெனியின் பட்டா நிலமாக இருந்தது.

முதல் பதிப்பு: ஆறேழு லட்ச ரூபாய்

2000களின் தொடக்கத்தில் இணையப் பக்கம் என்றால் ஒரு பட்டனை அழுத்துவோம், திரை வெளுத்துப்போகும், முழுப் பக்கமும் மறுபடி வரும். மேக்ரோமீடியா கம்பெனி 2002இல் 'ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன்' என்ற பெயரை முன்வைத்தது. பக்கம் வெளுக்காமல், கணினியில் நிறுவிய மென்பொருள் போலவே பிரௌசருக்குள் வேலை நடக்க வேண்டும் என்பது கனவு. அதை ஓட்டும் எந்திரம் ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் உட்கார்ந்திருந்தது. அதுதான் ஃப்ளாஷ் பிளேயர்.

சிக்கல் என்னவென்றால், ஃப்ளாஷ் அனிமேஷன்காரர்களின் கருவி. காலக்கோட்டில் படம் படமாக அடுக்குவார்கள். நிரல் எழுதுகிறவனுக்கு அது அந்நியம். அவனுக்காக 2004 மார்ச்சில் வந்ததுதான் ஃப்ளெக்ஸ். திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை எம்எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுத வேண்டும். எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். கம்பைலர் இரண்டையும் சேர்த்து ஒரு ஃப்ளாஷ் கோப்பாக்கிவிடும்.

அழகான யோசனை. ஆனால் சர்வரின் ஒரு பிராசஸருக்கு விலை சுமார் 15,000 டாலர், அன்றைய கணக்கில் ஆறேழு லட்ச ரூபாய். முதல் பதிப்பு யாரை வாசகனாக நினைத்து எழுதப்பட்டது என்பதை இந்த விலையே சொல்லிவிடும். ஆம்பூரின் ஷூ கம்பெனி அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டும் மூன்றும்: கதவு திறந்த வருடங்கள்

2005 டிசம்பரில் மேக்ரோமீடியா அடோபியின் கைக்குப் போனது. 2006இல் வந்த ஃப்ளெக்ஸ் 2இல் கம்பைலரும் கூறுகளின் தொகுப்பும் இலவசமாயின. கூடவே ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 வந்தது. மாறிக்கு வகை சொல்லலாம், கிளாஸ் எழுதலாம், வேகமும் பல மடங்கு. ஜாவாஸ்கிரிப்டின் அடுத்த தர வரையறையாக இருக்கப்போகிற எக்மாஸ்கிரிப்ட் 4இன் வரைவை நம்பி அடோபி இதைக் கட்டியது. 2008இல் அந்த வரைவே கைவிடப்பட்டது. நிறைவேறாத சட்டத்தை நம்பி வீடு கட்டின கதை. வெப்பில் வகைகளின் வசதி பரவ 2012இல் டைப்ஸ்கிரிப்ட் வர வேண்டியிருந்தது.

ஃப்ளெக்ஸின் ஆகச் சிறந்த வரி என்று கேட்டால் நான் டேட்டா பைண்டிங்கைச் சொல்வேன். கிடங்கில் 400 தோல் இருக்கிறது, 30 வெட்டப்போய்விட்டது. எண்ணை ஒரு இடத்தில் மாற்றினால் திரையில் அது வரும் எல்லா இடமும் தானாக மாறும். பெயரை நெளிவு அடைப்புக்குள் போட்டால் போதும். இன்று ரியாக்டும் வ்யூவும் எழுதும் தம்பிகளுக்கு இது சாதாரணம். அன்று எங்களுக்கு மாயம்.

2008 பிப்ரவரியில் வந்த ஃப்ளெக்ஸ் 3 திறந்த மூலமானது. நான் உள்ளே நுழைந்த வாசல் இதுதான். அதன் குறையும் கையில் தட்டியது. 'ஹாலோ' என்ற அதன் கூறுகளில் தோற்றமும் நடத்தையும் ஒரே கிளாஸில் பின்னிக் கிடந்தன. பட்டனின் முகத்தைக் கொஞ்சம் அதிகமாக மாற்ற வேண்டுமென்றால் அதன் குடலில் கை வைக்க வேண்டும். அதனால் யாரும் மாற்றவில்லை. எந்த ஊரில் எந்த ஃப்ளெக்ஸ் மென்பொருளைத் திறந்தாலும் அதே சாம்பல் முகம்.

நான்காவது: உச்சம்

2010 மார்ச்சில் வந்த ஃப்ளெக்ஸ் 4இல் 'ஸ்பார்க்' என்ற புதிய கூறுகள். பட்டன் என்ன செய்யும் என்பது ஒரு கோப்பில், எப்படித் தெரியும் என்பது இன்னொரு கோப்பில். அந்த இரண்டாவது கோப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்கின். தோல்! ஊருக்கு வந்து மாமாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"தோலை உரிச்சி தனியா வெக்க உங்களுக்கு ஆறு வருசமா?"

மாமா சொன்னால் சும்மா இல்லை. அவருடைய அப்பா ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் ஊறவைத்த தலைமுறை. மாமா டேனரி டிரம்மில் குரோம் பதனிடலில் தொடங்கி, பிறகு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் ஆனவர்.

அந்த ஷூ கம்பெனியின் ஆர்டர் கணக்கைத்தான் நான் ஃப்ளெக்ஸில் செய்துகொண்டிருந்தேன். எந்த லாட்டில் எத்தனை அப்பர் வெட்டியாச்சு, எத்தனை தைச்சாச்சு, எத்தனை கழிச்சாச்சு. தளத்தில் வேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் போட நினைத்தேன். ஃப்ளெக்ஸ் 3இல் எழுத்துருவை உள்ளே பதித்தால் தமிழ் சிதறியது. 'தோ' என்று எழுதினால் முன்னால் வரவேண்டிய இரட்டைக்கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கும். கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கும். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சொல்லையும் படமாக வெட்டி ஒட்டினேன். ஒரு சொல்லை மாற்ற ஒரு நாள்.

2008இல் ஃப்ளாஷ் பிளேயர் 10 புது எழுத்து எந்திரத்தோடு வந்திருந்தது. அரபி, தாய், இந்திய எழுத்துகள் போன்ற சிக்கலான வடிவங்களை ஒழுங்காக அடுக்கத் தெரிந்த எந்திரம். ஸ்பார்க்கின் எழுத்துக் கூறுகள் அதன் மேல்தான் கட்டப்பட்டிருந்தன. படங்களைத் தூக்கியெறிந்துவிட்டு உண்மையான எழுத்தைப் போட்டேன். 'தோல்' தோலாகவே வந்தது.

2010 கடைசியில் கட்டிங் பிரிவில் அந்தத் திரையைத் திறந்தபோது மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "வெட்டியது. தைத்தது. கழித்தது." பிறகு, "இன்னாடா, நம்ம எழுத்துலயே வருது!" என் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் என்று அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கொடுத்ததும் கொடுக்காததும்

ஆனால் அதற்குள் தரை ஆடத் தொடங்கியிருந்தது. ஃப்ளெக்ஸ் 4 வந்த அடுத்த மாதமே, 2010 ஏப்ரலில், ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கமாக எழுதினார். 2011 நவம்பரில் மொபைலுக்கான ஃப்ளாஷ் பிளேயரை வளர்ப்பதை அடோபி நிறுத்தியது. அதே மாதம் ஃப்ளெக்ஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தருவதாகவும், நிறுவன மென்பொருள்களுக்கு நீண்ட காலத்தில் எச்டிஎம்எல்5தான் சரியான வழி என்றும் அறிவித்தது. எங்கள் அலுவலகத்தில் அந்த வாரம் யாரும் நிரல் எழுதவில்லை. எல்லோரும் ரெஸ்யூமே எழுதினோம்.

அப்பாச்சியில் ஒரு சிறு கூட்டம் விடாமல் உழைத்தது. எம்எக்ஸ்எம்எல்லையும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டையும் ஃப்ளாஷ் இல்லாமலே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் வேலை, ஃப்ளெக்ஸ்ஜேஎஸ் என்று தொடங்கி 2017இல் ராயல் என்ற பெயரில் தனித் திட்டமானது. நேர்மையான முயற்சி. ஆனால் கூட்டம் எழுந்துபோன பிறகு வந்த கடைசி அத்தியாயம்.

இந்த வரலாற்றைக் கொடையின் வரலாறாகவும் எழுதலாம். 2006இல் கம்பைலர் இலவசம், அதே வருடம் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டை ஓட்டும் எந்திரத்தின் மூலம் மோசில்லாவுக்கு. 2008இல் ஃப்ளெக்ஸின் மூலம் எல்லோருக்கும், ஃப்ளாஷ் கோப்பு வடிவத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளும் நீக்கம். 2011இல் நிர்வாகமே அப்பாச்சிக்கு. கடைசிவரை கொடுக்காதது ஒன்றுதான், முழு ஃப்ளாஷ் பிளேயர். தொட்டி கொடுத்தார்கள், டிரம் கொடுத்தார்கள், பக்குவமும் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர் அவர்களிடமே இருந்தது.

எங்களுக்கும் இதில் பங்குண்டு. பேக் பட்டன் உடைந்தது, தேடுபொறி உள்ளே பார்க்க முடியவில்லை, பக்கத்தின் மூலத்தைத் திறந்து அடுத்தவன் கற்றுக்கொள்ள வழியில்லை. இணையத்தின் இயல்பான சுபாவங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, திரை வெளுக்காமல் இருப்பதைக் கொண்டாடினோம்.

வட்டத்துக்குள் ஒரு எழுத்து

ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயர் தானே எந்தக் கோப்பையும் ஓட்ட மறுத்தது. அந்தத் தேதியை நிரலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அன்று மதியம் மாமாவின் போன்.

"மாப்ளே, ஸ்கிரீன்ல ஒண்ணும் காணோம். வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஐ மட்டும் நிக்குது."

நான் வேறு கம்பெனிக்கு மாறி வெகுநாள் ஆகியிருந்தது. மென்பொருள் செய்த பழைய கம்பெனியின் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. டேட்டாபேஸில் பத்து வருடக் கணக்கு பத்திரமாக இருந்தது. அதைப் பார்க்க ஜன்னல்தான் இல்லை. கட்டணம் கட்டக்கூடிய பெரிய நிறுவனங்களுக்கு ஹார்மன் என்ற கம்பெனி மூலம் ஃப்ளாஷ் தொடர்ந்தது. பழைய ஃப்ளாஷ் விளையாட்டுகளை ரஃபிள் என்ற மென்பொருளைக் கொண்டு இன்டர்நெட் ஆர்கைவ் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆம்பூரில் அப்பர் எண்ணும் ஒரு திரையை யார் காப்பாற்றுவார்கள்? கட்டிங் பிரிவு நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பியது.

அடோபியை மட்டும் திட்டினால் பொய்யாகிவிடும். 2020 முடிவில் நிறுத்தப்போகிறோம் என்று 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்றரை வருட அவகாசம். செய்தியைப் படித்த அன்றே எனக்கு அந்தத் திரை ஞாபகம் வந்தது. போன் செய்யவில்லை. நான் எழுதியது இனி என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊர் இதைவிடப் பெரிய மாற்றங்களைப் பார்த்தது. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டபோது, ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தொழிலே தன்னை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. முழுத் தோல், அப்பர், ஷூ என்று நகர்ந்தது. தாத்தாவின் கை அறிந்தது மாமாவின் கைக்கு வந்தது, ஏனென்றால் தோல் யாருடைய காப்புரிமையும் இல்லை. அதற்கான விலையைப் பாலாறு கொடுத்தது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கில்தான் 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது.

ஃப்ளாஷால் யாருடைய கிணறும் கெடவில்லை, இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பு பிறந்த மண்ணிலிருந்து வந்தவனுக்கு ஒரு கேள்வி தானாக எழுகிறது. பிழைப்புக்கு ஒரு மேடையைப் போட்டுக்கொடுத்துவிட்டு அதைப் பிரித்துக்கொண்டு போகிறவர், மேலே நின்றவர்களுக்கு என்ன கடன்பட்டவர்? எங்கள் துறையில் அதற்குப் பதில் இல்லை. உரிம ஒப்பந்தத்தில் நாம் படிக்காத பத்தி மட்டுமே இருக்கிறது. அதனால் இப்போது எந்த ஃப்ரேம்வொர்க்கைப் பார்த்தாலும் இதில் என்ன செய்யலாம் என்பதற்கு முன்னால், உரிமையாளர் எழுந்துபோனால் என்ன மிஞ்சும் என்று பார்க்கிறேன். அந்த அளவுகோலில் ஃப்ளெக்ஸ் நல்ல உடல், நல்ல தோல். மூச்சு வெளியிலிருந்து வந்தது.

அந்தத் திரையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் எச்டிஎம்எல்லிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மறுபடி எழுதினேன், எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல். தமிழ் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. மாமா பார்த்துவிட்டு, "இது எத்தினி வருசம் வரும்?" என்றார்.

"இதுக்கு ஓனர்னு யாரும் இல்ல மாமா. யாரும் நிறுத்த முடியாது."

"அப்ப பழுதானா யாரைக் கேக்கறது?"

என்னை என்றேன். என் நம்பரை நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் எழுதிக்கொண்டார்.