மரக்கால் யார் கையில்?

முன்னாளில் வேளாங்கண்ணி வட்டாரத்து வயல்களில் களம் பண்ணையாருடையது, நெல் பண்ணையாருடையது, கூலி அளக்கும் மரக்காலும் பண்ணையாருடையதே! அளவு குறைந்தது என்று சொல்ல உழைத்தவனுக்கு வாயில்லை. அந்த மரக்கால் இன்று தொலைக்காட்சியின் கையில்!

‘சன் குடும்பம் விருதுகள்’ 2010இல் பிறந்தன. ‘விஜய் தொலைக்காட்சி விருதுகள்’ 2014இல் தொடர்ந்தன. நாடகம் அவர்களுடையது, நட்சத்திரம் அவர்களுடையது, மேடையும் மாலையும் அவர்களுடையவையே! வணிகன் தன் சரக்கைப் புகழ்வது குற்றமன்று. விளம்பரத்துக்கு விருது வேடம் கட்டி, அதனைக் கலையின் தீர்ப்பெனக் காட்டுவதே குற்றம்.

“சன் தொலைக்காட்சி, முரசொலி மாறனின் மகன் நிறுவியதாயிற்றே, நாம் குறை கூறலாமா?” எனத் தயங்குவோர் உண்டு. தோழர்களே, ஆண்டவனையே கேள்வி கேட்டவர்கள் நாம்! அலைவரிசைக்கா அஞ்சுவோம்? அளப்பவர் யார், ஆதாயம் யாருக்கு எனக் கேட்போம். பிறகு கை தட்டுவோம்.