மிஸ்ஸி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

வெளியூர்க்காரருக்கு ஜொகூரின் பெக்கான் நானாஸ் என்றால் அன்னாசிதான். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையோரப் பழக்கடைகளையும் அன்னாசி அருங்காட்சியகத்தையும் சொல்லி ஊரை முடித்துவிடுவார்கள். இந்த ஊரிலும் சுற்றியுள்ள கம்பங்களிலும் தோட்டங்களிலும் கர்ப்பிணிகளை எடை பார்த்து, இரத்த அழுத்தம் குறித்து, பிள்ளை பெற்றவளின் வீடு தேடிப் போய்க் குழந்தையின் தொப்புளைப் பார்த்துவரும் சமூகத் தாதியரைப் பற்றி, அதாவது நம்மவர் வாயில் 'மிஸ்ஸி'யைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏதாவது தவறிப்போனால் மட்டும் அவர் பெயர் முதலில் வரும். மிஸ்ஸி என்ன செய்தார்? கேள்வி நியாயமானதுதான். நம் பொறுப்புக்கூறல் ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லத் தெரிந்ததாக அமைந்துவிட்டது என்பதே என் குறை.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடலாம். 1957இல் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த எண் 50க்கும் கீழே வந்துவிட்டது. இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் எழுதி 2003இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு, மலேசியாவையும் இலங்கையையும் உலகுக்கு முன்னுதாரணமாகக் காட்டியது. அந்தச் சாதனையின் நடுவில் நிற்பவர்கள் பயிற்சிபெற்ற மருத்துவச்சிகள். நாலாயிரம் பேருக்கு ஒரு கிராமக் கிளினிக், அதற்கு மேலே ஒரு சுகாதார நிலையம், அதற்கும் மேலே மருத்துவமனை என்று படிகள் தெளிவாக இருந்தன. யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதில் குழப்பமில்லை.

இந்த அரசாங்க ஏற்பாட்டின் அருமை தோட்டத்து டிரசரை அறிந்தவர்களுக்குப் புரியும். எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரசர் தோட்ட நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கியவர். 1965இல் எஸ்டேட் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து தகுதியை வரையறுத்தது. ஆனால் காய்ச்சல்காரனை ஓய்வுக்கு அனுப்புவதா, மறுநாள் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கான காலை வரிசைக்கு, அனுப்புவதா என்ற முடிவில் துரையின் முகமும் டிரசரின் கண்முன் வந்திருக்கும். அரசாங்க மிஸ்ஸிக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் பதிவேட்டுக்கும் மேலதிகாரிக்கும் பதில் சொன்னார். தொழிலாளிப் பெண்ணுக்கு அது பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை.

அந்தப் பதிவேட்டின் இன்றைய உருவம் நிற ஒட்டிகள். 1980களின் இறுதியில் வந்த ஏற்பாடு இது. கர்ப்பிணியின் பிங்க் புத்தகத்தில் வெள்ளை ஒட்டியிருந்தால் கிராமத் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் சுகாதார நிலைய மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் சீக்கிரமே மருத்துவமனைக்கோ நிபுணரிடமோ அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே சேர்க்க வேண்டும். பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியான் மாவட்ட மருத்துவமனை ஒரு பக்கம். பெரிய மருத்துவமனைகள் உள்ள ஜொகூர் பாரு மறுபக்கம், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில். இப்படிப்பட்ட ஊரில் நிறத்தைப் பார்த்தவுடன் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிவது உயிர் காக்கும். இளம் தாதிக்கு அது தைரியமும் தருகிறது. மருத்துவரிடம் போனில் 'டாக்டர், இது மஞ்சள்' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் அலட்சியப்படுத்த முடியாது.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு நிறம் பார்த்து வருவதில்லை. ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கும் வரும். ஆனால் வெள்ளை ஒட்டியவர் பாதுகாப்பானவர் என்ற நினைப்பு தாதிக்கும் வருகிறது, குடும்பத்துக்கும் வருகிறது. தணிக்கைக்கு வரும் மேற்பார்வைத் தாதி பார்ப்பது நிறம் சரியா, கையொப்பம் உண்டா, வருகை நாள் விடுபட்டதா என்பதைத்தான். கால் வீங்கிய பெண்ணிடம் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியதற்கு எந்தக் கட்டமும் இல்லை. நாளடைவில் கட்டம் உள்ள வேலையே வேலை என்றாகிறது. தொலை ஆரம்பச் சிகிச்சைக் கணினிமுறை 2005இல் ஜொகூரிலும் சரவாக்கிலும் பெர்லிஸிலும் முதலில் வந்தபோது காகிதம் குறையும் என்று நம்பினார்கள். திரையும் புத்தகமும் சேர்ந்து இரட்டை வேலை ஆகிவிட்டது என்பது கிளினிக்குகளில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல்.

மரணம் நேர்ந்தபின் நடப்பது வேறு. 1991இலிருந்து மலேசியாவில் ஒவ்வொரு பேறுகால மரணமும் ரகசிய விசாரணைக்குப் போகிறது. பெயர் சொல்லக் கூடாது, பழி போடக் கூடாது என்பது அதன் அடிப்படை. இந்த நாட்டுச் சுகாதாரத்துறையில் நடந்த மிகப் புத்திசாலித்தனமான காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன். பழி வராது என்று தெரிந்ததால்தான் தாதியர் உள்ளதைச் சொன்னார்கள். இரத்தப்போக்கும் இரத்த அழுத்தமும் எங்கே கோட்டைவிடப்படுகின்றன என்று தெரிந்து பயிற்சிக் கையேடுகள் வந்தன. ஆனால் அந்த விசாரணை அறையில் இறந்தவளின் கணவனுக்கோ தாய்க்கோ இடமில்லை.

தமிழ்நாட்டில் நேரெதிர். அங்கே பேறுகால மரண ஆய்வு மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும்போது உறவினரையும் அழைப்பார்கள். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது என்பதைக் குடும்பமே சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்சியர், இணை இயக்குநர், மகப்பேறு நிபுணர் எல்லாரும் உட்கார்ந்த சபையில் கிராம சுகாதார செவிலியர் எப்படி நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஏணியின் கடைசிப் படியில் இருப்பவர் தலையில் எல்லாம் விடியும். அந்தப் பயம் அடுத்த முறை பதிவேட்டைத் திருத்தும் கையாக மாறும். ரகசியம் உண்மையைக் கொண்டுவந்தது, குடும்பத்தை வெளியே நிறுத்தியது. பகிரங்கம் குடும்பத்தை உள்ளே கொண்டுவந்தது, தாதியின் வாயை அடைத்தது. மலேசியா தன் விசாரணையைக் கைவிட வேண்டாம். அதன் முடிவை, பெயர் நீக்கி, அந்தக் குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் ஒருவர் நேரில் சொல்ல வேண்டும். இன்று புகார் என்றால் இணையத்தில் பொதுப் புகார் முறை இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து அம்மாவுக்கு அது கண்ணில் படாத கதவு.

தொழில் ஒழுங்கைத் தனியே பார்த்தால், 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமும், 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டமும், தாதியர் வாரியத்தின் 1998 நடத்தை நெறியும் இருக்கின்றன. ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளி சேர்க்க வேண்டும். கருத்தரங்கில் உட்கார்ந்து எழுந்தாலும் புள்ளி உண்டு. பிரிட்டனில் ஸ்டாஃபர்ட் மருத்துவமனைக் கொடுமைகளை 2013இல் ராபர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை அம்பலமாக்கியது. 2016இலிருந்து அங்கே தாதியர் மூன்றாண்டுக்கு ஒருமுறை, 450 மணிநேரப் பணி, 35 மணிநேரக் கற்றல் ஆகியவற்றோடு பணி பற்றிய ஐந்து பின்னூட்டங்களையும் தம் பணியைத் தாமே எடைபோட்ட ஐந்து குறிப்புகளையும் காட்ட வேண்டும். நன்றாக எழுத வருபவருக்கு நல்ல தாதி என்ற பெயர் கிடைத்துவிடும் ஆபத்து இதில் உண்டு. இருந்தாலும் நோயாளியின் சொல்லையும் கணக்கில் எடுக்கும் வழி அங்கே இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. பெக்கான் நானாஸில் குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமே இருக்கிறது. பெர்மிட் இல்லாத ஒரு கர்ப்பிணி அந்தக் கிளினிக் வாசலை எப்படிப் பார்ப்பாள்? வராமலே இருந்துவிடுவாள், பிரசவ வலியில்தான் வருவாள். அப்போது ஏதாவது ஆகிவிட்டால், கர்ப்பகாலப் பரிசோதனை இல்லை என்று ஒரு வரி எழுதப்படும். தாதியின் நடத்தை நெறி நோயாளியைக் காக்கச் சொல்கிறது, சுற்றறிக்கை காட்டிக்கொடுக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவரிடம் மட்டும் கணக்குக் கேட்பது அநியாயம்.

ஆள் பற்றாக்குறையும் இதே வகைதான். இரண்டாம் பாலம் 1998இல் திறந்தபின் இந்த வட்டாரத்திலிருந்து சிங்கப்பூர் இன்னும் பக்கம். அனுபவமுள்ள தாதி ஏன் போகிறார் என்று விளக்க வேண்டியதில்லை. அவர் போன பின் மிஞ்சியவர் வீட்டு வருகையைத் தவறவிட்டால், பதிவேட்டில் தெரிவது தவறிய நாள் மட்டுமே. காலியாகக் கிடந்த பதவியோ பழுதாகிக் கிடந்த வண்டியோ அதில் தெரியாது.

ஆகவே நான் கேட்பது சிறிய ஒன்று. பதிவேட்டில் ஒரு பத்தி கூடட்டும்: செய்ய முடியாமல் போனது எது, ஏன். அதற்கு மேலதிகாரி ஏழு நாளுக்குள் பதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தப் பத்தியின் சுருக்கம், பெயர்கள் இல்லாமல், ஊர்ப் பிரமுகர்கள் உட்காரும் சுகாதார நிலைய ஆலோசனைக் குழுவுக்குப் போகட்டும். அந்தக் குழுவில் பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் இருக்கும் ஒரு தாயும் இருக்கட்டும். தணிக்கையில் தாதியின் கையொப்பத்தோடு மேலதிகாரியின் கையொப்பமும் தேடப்படட்டும். மாவட்டச் சுகாதார அலுவலகம் நினைத்தால் பொந்தியானில் இதைச் சோதனையாகத் தொடங்கலாம், புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஆவணமில்லாதவரைப் பற்றிய அந்தச் சுற்றறிக்கையை மாற்ற மட்டும் புத்ராஜெயா மனம்வைக்க வேண்டும்.