ஒரு கோடு பொருந்தினால் போதுமா?

மதுரையில் வீட்டு பிளான் போட்டுத் தரும் அலுவலகங்களில் வேலை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மனைக்காரர் புலப்படத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். படம் ஆட்டோகேடில் ஏறுகிறது. ஸ்கேல் கட்டளை, அதில் ரெஃபரன்ஸ். எல்லைக்கோடு ஒன்றின் இரு முனைகளைச் சொடுக்கி, உண்மை நீளம் 40 மீட்டர் என்று தட்டியதும் படம் முழுவதும் அளவுக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதன்மேல் கோடு இழுத்து வீட்டை உட்கார வைக்கிறார்கள்.

ரெஃபரன்ஸ் மேல் இவ்வளவு நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் உண்டு. பெருக்கெண்ணை நாமே கணக்கிட்டுத் தட்டும்போது தசமத்தை வெட்டிவிடுகிறோம். அடியில் வரைந்ததை மீட்டருக்கு மாற்ற 0.3048 போட வேண்டிய இடத்தில் 0.305 போட்டால் நீளத்தில் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பரப்பில் அது ஏறக்குறைய இரட்டிக்கும். 5 சென்ட் மனை, அதாவது 2178 சதுர அடி, கிட்டத்தட்ட 3 சதுர அடி வளர்ந்துவிடும். ரெஃபரன்ஸில் இந்த வெட்டுக்கு இடமில்லை. வகுத்தலை மென்பொருளே செய்துகொள்கிறது.

தெரிந்த ஒரு நீளத்தை வைத்து மற்றவற்றை அளவாக்கும் யோசனை நமக்குப் புதிதும் அல்ல. சுவாமிமலையில் படிமம் வார்க்கும் ஸ்தபதி, வேண்டிய உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து உறுப்புகளின் அளவைக் குறித்துக்கொள்கிறார். ஒடியோலை என்பது அதுதான். உத்தம தச தாளம் என்ற படிம அளவுமுறையில் உயரம் 124 பங்கு. படிமம் ஒரு சாண் ஆனாலும் ஆளுயரம் ஆனாலும் பங்குகளின் எண்ணிக்கை மாறாது, ஒரு பங்கின் நீளம்தான் மாறும். ரெஃபரன்ஸ் செய்வதும் இதையே.

ஆனால் ஒடியோலைக்குப் பின்னால் பிசகாத தாளக்கணக்கு இருக்கிறது. கைப்பேசிப் படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே தாளின் அருகுப்பக்கம் பெரிதாகவும் தொலைப்பக்கம் சிறிதாகவும் விழும். மடிப்பு விழுந்த தாள் என்றால் இன்னும் மோசம். ரெஃபரன்ஸ் ஒரே ஒரு கோட்டைத்தான் சரியாக்குகிறது. அந்தக் கோடு சரியாகிவிட்டதாலேயே மற்ற கோடுகள் மேல் நமக்குச் சந்தேகம் வராமல் போகிறது. என் குறை இதுதான்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 305 மீட்டர், அடுத்த பக்கம் 290. கரையில் நின்று பார்ப்பவருக்குச் சதுரம்தான். சாய்வாக எடுத்த படம் ஒன்றில் அது சதுரமாகவே விழுந்து, 305 மீட்டர் கரையை வைத்து அளவாக்கினோம் என்றால் அடுத்த கரையும் 305 ஆகிவிடும். பிழை 15 மீட்டர். அளவாக்கிய கரையை எத்தனை முறை அளந்தாலும் திரை 305.000 என்றே காட்டும். மூன்று தசம இடங்களைப் பார்த்ததும் மனம் அமைதியாகிவிடும்.

ரெஃபரன்ஸுக்கு எந்தக் கோட்டை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2 மீட்டர் கோட்டில் சொடுக்கு 2 சென்டிமீட்டர் தவறினால் பிழை நூற்றுக்கு ஒன்று. 40 மீட்டர் எல்லையில் அது 40 சென்டிமீட்டர். அதே தவறு 40 மீட்டர் கோட்டில் நேர்ந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. எனவே கிடைப்பதில் நீளமான கோட்டை எடுத்து, அதற்குக் குறுக்கே செல்லும் இன்னொன்றை அளந்து பார்க்க வேண்டும். குறுக்குக்கோடு பொருந்தவில்லை என்றால் படத்தை பிளாக் ஆக்கி, கிடைமட்டத்துக்கு ஓர் எண், செங்குத்துக்கு ஓர் எண் கொடுத்து இழுப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்கேனரில் ஒரு திசையில் நீண்ட தாளுக்கு அது உதவும். சாய்ந்த படத்துக்கு உதவாது. அங்கே பிழை இடத்துக்கு இடம் மாறுகிறது.

கட்டடத்தைப் பெரிதாக்குவது வேறு சங்கதி. "வீடு இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லாருக்கும்" என்று மனைக்காரர் சொன்னதும் முழு பிளானையும் 1.1 என்று ஸ்கேல் செய்தால், 9 அங்குலச் சுவர் 9.9 அங்குலம் ஆகும். 3 அடிக் கதவு 3 அடி 3.6 அங்குலம் ஆகும். 9.9 அங்குலச் சுவருக்கு ஏற்ற செங்கல் சூளையிலிருந்து வராது. மனையடி பார்த்து 10க்கு 11 என்று வைத்த அறை 11க்கு 12.1 ஆகி, பார்த்த கணக்கே கலைந்துபோகும். இங்கே வேண்டியது ஸ்ட்ரெச். வலமிருந்து இடமாக இழுத்த சட்டத்துக்குள் முனை அகப்பட்ட சுவர்க்கோடு நீளும். முழுதாக உள்ளே அகப்பட்ட தூண் தன் அளவு மாறாமல் நகரும். அறை வளரும், சுவர் வளராது.

இவை எதுவும் ஒத்துவராதபோது அளவுக்கோட்டில் உள்ள எண்ணை அழித்து வேறு எண்ணை எழுதிவிடுகிற பழக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மேஸ்திரி படிப்பது தாளில் உள்ள எண்ணை. பக்கத்து மனைக்கு விட்ட இடைவெளி கணக்கானது கோட்டின் நீளத்தில். இரண்டும் பிரிந்த பிறகு அந்த வரைபடத்தில் எதை நம்புவது?

ஆகவே ஸ்கேல், அலகைத் திருத்தும் கருவி. வடிவமைப்பை மாற்றும் கருவி அல்ல. அங்குலத்தை மில்லிமீட்டராக்க 25.4 என்ற எண் துல்லியமானது, அதற்கு ரெஃபரன்ஸே வேண்டாம். அளவு தெரியாமல் வந்து சேர்ந்த, ஆனால் விகிதம் கெடாத கணினி வரைபடத்துக்கு ரெஃபரன்ஸைவிட நல்ல வழி இல்லை. புலப்படத்தின் கைப்பேசிப் படத்துக்கு இரண்டும் தகாது. ஏனென்றால் புலப்படம் என்பது அடிப்படையில் படமே அல்ல. சர்வேயர் அளந்த எண்களின் பதிவு. ஜி-லைன் எனும் அளவைக்கோட்டின் நீளம், அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக எடுத்த ஆஃப்செட், எல்லைப் பக்கங்களின் நீளம் எல்லாம் அதிலேயே எழுதியிருக்கின்றன. அந்த எண்களைத் தட்டிப் புதிதாக வரைய நேரம் கூடுதலாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஃப்செட்டை வைத்துக் குறித்த இரண்டு மூலைகளுக்கு இடையே கோடு இழுத்து, அதன் நீளம் அந்தப் பக்கத்துக்கு எழுதியுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நெருங்கி வந்தால் மனைக்கே போய், மூலைக்கல்லிலிருந்து எதிர்மூலைக்கல் வரை டேப் பிடிக்கலாம்.