‘தி லயன் கிங்’ படமும் ‘ஹாம்லெட்’ நாடகமும்: உறவுச்சொல் வழி ஒரு திறனாய்வு

சிறந்த மேடை நாடகங்களிலிருந்து சிறுவர்க்கான அசைவூட்டப் படங்கள் கடன் கொள்ளும் முறையை ஆராய்வோர் பெரும்பாலும் கதை ஒப்புமையோடு நின்றுவிடுகின்றனர். கதை இடம்பெயரும்போது மொழிக்கு நேர்வது யாது என்ற வினா எழுவதில்லை. டிஸ்னி நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘தி லயன் கிங்’ படத்தை ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தோடு ஒப்பிட்டு, அதன் தமிழாக்கம் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்புமை வெளிப்படையானது. அரசனாகிய அண்ணனைக் கொன்று தம்பி அரியணை ஏறுகிறான். மகன் நாடு நீங்குகிறான். இறந்த தந்தையின் தோற்றம் மகனுக்குக் கடமையை உணர்த்துகிறது. ஆனால் நாடகத்தின் மூன்று கூறுகளைப் படம் விட்டுவிடுகிறது. முதலாவது, தாயின் மறுமணம். இரண்டாவது, தனிமொழி; நாடகத்தில் காலத்தாழ்வு சிந்தனையால் விளைகிறது, படத்தில் மறதியால் விளைகிறது. மூன்றாவது, முடிவு. ஹாம்லெட் பழிதீர்த்துத் தானும் மடிகிறான். படத்திலோ ஸ்கார் கழுதைப்புலிகளால் மாள, சிம்பாவின் கை கறைபடாமல் காக்கப்படுகிறது. இவற்றுள் முதல் மாற்றம் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதது.

ஹாம்லெட்டின் துயரத்திற்கு ஒரு மொழியியல் அடிப்படை உண்டு. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’, ‘ஃபாதர்’ என்பன தொடர்பற்ற இரு சொற்கள். தாயை மணந்ததால் முன்னவன் பின்னவனாகிறான். அவனைத் தந்தையாக ஏற்க ஹாம்லெட்டின் மனம் மறுக்கிறது. சொற்களுக்கிடையிலான எல்லை மீறப்படுவதே அங்கு அதிர்ச்சி. தமிழில் அவ்வெல்லை அத்துணைக் கூர்மையானதன்று. தந்தையின் தம்பி சிற்றப்பன். அச்சொல்லுக்குள்ளேயே அப்பன் இருக்கிறான். ஆகவே ‘ஹாம்லெட்’டைத் தமிழாக்குபவர் இவ்வதிர்ச்சியின் ஒரு பகுதியை இழக்க நேர்கிறது.

படத்திலோ நிலைமை தலைகீழாகிறது. மறுமணம் நீக்கப்பட்டதால் ஸ்காரையும் சிம்பாவையும் பிணைப்பது பிறப்புறவு ஒன்றே. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக ‘மாமா’ என்று எழுதினால் ஸ்கார் தாய்வழி உறவினனாகி, அவன் கோரும் அரசுரிமை பொருளற்றுப்போகும். ‘அங்கிள்’ என்றே விட்டால், நகர்ப்புறத் தமிழில் அண்டை வீட்டாரையும் தந்தையின் நண்பரையும் குறிக்கும் அச்சொல் அவனை அயலவனாக்கும். ‘சித்தப்பா’ என்று குட்டி விளிக்குமாயின், தந்தைக்குரிய நம்பிக்கை அவ்விளியில் ஏறுகிறது. பள்ளத்தாக்கில் காத்திருக்குமாறு சொல்லிச் செல்பவனின் வஞ்சம் அப்போது இருமடங்காகிறது. நாடகத்திலிருந்து படம் இறக்கிவைத்த சுமையில் ஒரு பகுதியை உறவுச்சொல் மீண்டும் ஏற்றிவிடுகிறது. 2019இல் வெளிவந்த மறுஆக்கத்தில் ஸ்கார் சராபியைத் தன் அரசியாகுமாறு கேட்கிறான், அவள் மறுக்கிறாள். விடுபட்ட மறுமணம் நிழலாகத் திரும்பும் அப்படத்தில் இச்சொல்லின் கனம் மேலும் கூடும்.

முன்னோர் முயற்சிகளை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1891இல் தோன்றிய சுகுண விலாச சபையின் பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ எனத் தழுவினார். மைசூரில் பசவப்ப சாஸ்திரி ‘ஒத்தெல்லோ’வைக் கன்னடத்தில் ‘சூரசேன சரித்திரம்’ ஆக்கினார். மாந்தர் பெயரையும் களத்தையும் மாற்றும் உரிமை அவர்களுக்கு இருந்தது. மொழிமாற்றுப் படத்திற்கு உரையாடல் எழுதுபவருக்கு அவ்வுரிமை இல்லை. பெயர், காட்சி, வாயசைவு அனைத்தும் முன்னரே முடிவானவை. அவருக்கு எஞ்சும் களம் விளியும் உறவுச்சொல்லும் நடையுமே.

2019 படத்தின் தமிழ்ப் பதிப்பைப் பற்றிய பேச்சு, ஸ்காருக்குக் குரல் தந்த அரவிந்த்சாமி, சிம்பாவுக்குக் குரல் தந்த சித்தார்த் முதலியோரைச் சுற்றியே அமைந்தது. குரலைப் போற்றுவது தகும். ஆயினும் அக்குரல் பேசும் சொல்லைத் தெரிந்தவரின் பணியும் மொழிபெயர்ப்பே. தழுவல் நாடகங்களுக்கு நாம் பயன்படுத்தும் அளவுகோலை மொழிமாற்று உரையாடலுக்கும் பயன்படுத்துதல் வேண்டும். தமிழ்ச் சிறுவர் பலர் ‘ஹாம்லெட்’ கதையை முதலில் கேட்பது இவ்வுரையாடல் வழியாகவே இருக்கக்கூடும். அங்கே கொலையாளி மாமனா, அங்கிளா, சித்தப்பாவா என்பது சிறு வினா அன்று.