மண்ணுக்கு ஒரு போர்வை

1884-ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸின் மேற்பார்வையில் உருவான பினாங்குத் தாவரவியல் தோட்டத்தின் பெருமரங்களடியில், உதிர்ந்த சருகே மண்ணுக்குப் போர்வையாகி, காலக்கிரமத்தில் மண்ணாகவே மாறிவிடும் விந்தையைக் கண்டவர்களுக்கு, மூடாக்கு என்பது மனிதன் கண்டுபிடித்ததன்று, வனத்தின் சுபாவத்தை அவன் அனுசரித்ததே என்பது விளங்கும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகர வீடுகளின் சிறு பாத்திகளில், செப்டம்பர், அக்டோபர் மாதத்துப் பெருமழை மேல்மண்ணை அரித்துச் செல்லாமலும், ஜனவரி, பிப்ரவரி வெயில் ஈரத்தை உறிஞ்சாமலும் காப்பதற்குத் தேங்காய் மட்டை உத்தமமான பொருள். அதைச் சில நாள் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் கறை இறங்கிய நீரைத் தினமும் மாற்றி, பிறகு நாரைக் கையால் பிரித்துக்கொள்ள வேண்டும். பச்சை மரத்தூளோ, மண்ணோடு கலந்துவிட்டால், தான் மட்கும் பொருட்டுத் தழைச்சத்தைத் தற்காலிகமாகக் கவர்ந்துகொள்ளும்.

களை நீக்கி, நீர் வார்த்து, இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் நாரைப் பரப்பி, தண்டு அழுகாதிருக்க அதைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுவதே சாஸ்திரம். உச்சிவெயிலில் அந்த நாரைச் சற்றே விலக்கிப் பாருங்கள்: விரலில் ஒட்டும் குளிர்ந்த கருமண்ணும், வெளிச்சத்துக்கு நாணி நெளிந்து மறையும் மண்புழுவும், நம் சிரமத்துக்கு மௌனமாக நன்றி கூறும்.