வளாகத் தேர்வும் பொறியாளரின் முதல் ஊதியமும்

பொறியியல் மாணவர்களை, அவர்கள் பட்டம் பெறுவதற்கு முன்பே கல்லூரிக்கு வந்து நிறுவனங்கள் மொத்தமாகத் தெரிவுசெய்யும் முறையே வளாகத் தேர்வு. வழக்கில் ‘கேம்பஸ் இன்டர்வியூ’ எனப்படும் இந்நடைமுறை, நான்காண்டுப் படிப்புக்கு ஒரு குடும்பம் செய்யும் செலவு தகுமா தகாதா என்பதையே முடிவுசெய்யும் அளவுக்கு வளர்ந்துள்ளது. அதன் நன்மையையும் குறையையும் எடைபோடுவதற்குப் பெங்களூரின் சிவாஜிநகர் வட்டாரம் ஏற்ற களமாகும். கண்டோன்மென்ட் காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இவ்வட்டாரத்தை ஒட்டிய மில்லர்ஸ் சாலையில்தான் 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கி, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இங்கிருந்து வெளிநாட்டுப் பணிகளைச் செய்யலாம் என்று காட்டியது.

அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பொறியாளர் வேலை என்பது பெரும்பாலும் 1940இல் தோன்றிய எச்.ஏ.எல்., 1948இல் தோன்றிய ஐ.டி.ஐ., 1954இல் தோன்றிய பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகளையே குறித்தது. அவற்றின் ஊதிய விகிதம் அறிவிக்கையிலேயே அச்சாகும் என்பதால், சேர்பவர் தம் வருவாயை முன்கூட்டியே அறிந்திருந்தார்; இன்றும் பி.இ.எல். நிறுவனத்தின் தகுதிகாண் பொறியாளருக்கு அடிப்படை ஊதியம் மாதம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அத்தகைய இடங்கள் மிகச் சில.

வளாகத் தேர்வின் வலிமை அது திறந்துவிட்ட வாசலின் அகலத்தில் உள்ளது. மென்பொருள் சேவை நிறுவனங்கள் கணினித் துறையினரை மட்டுமன்றி இயந்திரவியல், கட்டடவியல் பட்டதாரிகளையும் ஏற்றன. பொதுவாக 60 விழுக்காடு மதிப்பெண்ணும் ‘அரியர்’ எனப்படும் நிலுவைத் தாள் இல்லாமையும் இருந்தால், சிபாரிசு ஏதுமின்றித் தேர்வெழுத முடிந்தது. டி.சி.எஸ். 2018இல் தேசிய அளவிலான தகுதித் தேர்வைத் தொடங்கியபின், நிறுவனங்கள் நேரில் எட்டிப்பார்க்காத கல்லூரிகளின் மாணவருக்கும் அவ்வாய்ப்பு கிட்டியது. இன்ஃபோசிஸின் மைசூர் வளாகத்தைப் போன்ற மையங்கள் ஊதியத்துடன் அளித்த பயிற்சி, பல கல்லூரிகள் கற்பிக்கத் தவறியதைக் கற்பித்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஒருவர் இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக் கூடுதல் ஊதியம் பெறும் பாதையும் இதனாலேயே உருவாயிற்று.

வாசல் அகன்ற அளவுக்கு ஊதியம் உயரவில்லை என்பது முதற் குறை. 2012 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் மூன்றேகால் லட்சமாக இருந்த தொடக்க ஊதியம், பெரிய சேவை நிறுவனங்களின் அடிப்படைப் பிரிவில் இன்றும் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. 2012ஐ 100 எனக் கொள்ளும் நுகர்வோர் விலைக் குறியீடோ 2024இல் 185ஐத் தாண்டிவிட்டது. ஆகவே பழைய ஊதியத்தின் வாங்கும் திறனைக் காப்பதற்கே ஏறத்தாழ ஆறு லட்சம் தேவைப்படும். ‘பேக்கேஜ்’ என்று அறிவிக்கப்படும் தொகையும் கைக்கு வருவதன்று. ஊழியருக்காக நிறுவனம் ஏற்கும் மொத்தச் செலவான அதில் வருங்கால வைப்புநிதிப் பங்கும், பல இடங்களில் பணிக்கொடையும் அடங்கும். ஐந்தாண்டுப் பணிக்குப் பின்னரே நிரந்தர ஊழியர் உரிமை கோரத்தக்க பணிக்கொடையை, மூன்றாண்டில் விலகக்கூடியவரின் ஊதியக் கணக்கில் சேர்ப்பது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கும் கூட்டலே.

இத்தேக்கத்துக்கு நிறுவனங்களின் சிக்கனத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி விளக்கமே. நாடெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொறியியல் இடங்கள் உள்ளன. வாயிலில் நிற்பவர் தொகை குறையாதவரை நுழைவு ஊதியத்தை உயர்த்தும் நெருக்கடி எவருக்கும் எழுவதில்லை. அதே நிறுவனங்கள் கடினமான நிரலாக்கத் தேர்வில் வெல்பவருக்கு இருமடங்கு தருகின்றன: டி.சி.எஸ். நிறுவனத்தின் அடிப்படைப் பிரிவுக்கு 3.36 லட்சமும் ‘டிஜிட்டல்’ பிரிவுக்கு ஏழு லட்சமும் வழங்கப்பட்டமை, அரிய திறனுக்குத்தான் சந்தை விலை கொடுக்கிறது என்பதற்குச் சான்று.

இரண்டாவது குறை இதனினும் கடியது. தொழிலின் ஏற்ற இறக்கம் பட்டதாரியின் தலையில் இறங்குகிறது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சத்துக்குத் தெரிவாகிக் காத்திருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு உடனே சேர்கிறீர்களா என்று கேட்டது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூர் மையத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். மூன்று வாய்ப்புகளிலும் உள்தேர்வில் தேறாதவர் தொடர முடியாது என்பது முன்பே ஒப்புக்கொண்ட நிபந்தனை என்று நிறுவனம் விளக்கியது. தகுதியை வலியுறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. எனினும் அவர்களுள் பலர் 2022இல் தெரிவாகி ஈராண்டுக்கு மேல் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் என்பதையும், அக்காத்திருப்புக்கு ஈடு ஏதும் இல்லை என்பதையும் சேர்த்தே அவ்விளக்கத்தை மதிப்பிட வேண்டும். பணி நிபந்தனைகளை எழுத்தில் வரையறுத்த 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்குக் கர்நாடக அரசு அளித்துவந்த விலக்கு 2024இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டமையால், முறையீட்டுக்கான வழியும் குறுகியது.

இக்குறைகளை முன்னிட்டு வளாகத் தேர்வையே தவிர்க்கச் சொல்வது, சிபாரிசு இல்லாத மாணவருக்கு எஞ்சியிருக்கும் வாசலையும் அடைப்பதாகும். திருத்தம் வேண்டுவது அதன் நிபந்தனைகளில்தான். பணியில் சேரும் நாளைக் கடிதத்திலேயே குறித்து, அது தவறினால் மாத உதவித்தொகை வழங்குவதும், பேக்கேஜுக்கு அருகில் கைக்கு வரும் தொகையை எழுதுவதும் நிறுவனங்களுக்குப் பெருஞ்சுமையல்ல. கல்லூரிகளோ, தேசியத் தரவரிசைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் இடைநிலை ஊதியத்தை, அதாவது வேலை பெற்றவர்களை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் தொகையை, விளம்பரப் பலகையில் ஓரிருவரின் உச்ச ஊதியத்துக்குப் பதிலாக எழுதலாம். அவ்வெண்ணை அறிந்து கல்விக்கடன் வாங்கும் குடும்பம், முதல் வேலையைப் படிப்பின் பலனாகக் கருதாமல் ஊதியத்தோடு கூடிய பயிற்சிக் காலமாகக் கருதித் திட்டமிடும். வளாகத் தேர்வு உண்மையில் தரக்கூடியதும் அவ்வளவே.